பெயர் தெரிந்தால்தான் மருந்து

குமுளி, வண்டிப்பெரியாறு பக்கம் நோய் முற்றினால் சிலர் மலையிறங்கித் தேனிக்குப் போவார்கள்; சிலர் கோட்டயம் மெடிக்கல் காலேஜுக்கு. வாளையாறு, கஞ்சிக்கோடு என்றால் பாலக்காடு அல்லது கோவை. இப்படி ஆஸ்பத்திரி மாறி, ஐ.சி.யூ.வில் நாள்கணக்கில் கிடப்பவருக்கு, ஆன்டிபயாடிக் மாற்றி மாற்றிக் கொடுத்தும் காய்ச்சல் இறங்காவிட்டால் பூஞ்சையையும் சந்தேகப்பட வேண்டும்.

அதில் முக்கியமானது கேண்டிடா. நம் வாயிலும் குடலிலும் சாதுவாகக் குடியிருக்கும் ஈஸ்ட்தான். ஆன்டிபயாடிக் பாக்டீரியாக்களைத் துடைத்தெறிந்ததும் அதன் கை ஓங்குகிறது. கழுத்து ரத்தக்குழாயில் போட்ட டியூப் அதை ரத்தத்துக்குள் விட்டுவிடுகிறது.

சளியிலோ சிறுநீரிலோ கேண்டிடா தெரிந்ததை மட்டும் வைத்து நோய் என்று சொல்லிவிட முடியாது. ரத்தத்தில் வளர்ந்தால் விட்டுவைக்கவும் கூடாது. ஆனால் ரத்தக் கல்ச்சர் ஏறத்தாழ பாதிப் பேரிடம்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். பூஞ்சை மருந்து ஏற்றும் முன்பே ரத்தம் எடுத்துவிட வேண்டும் என்பது அதனால்தான்.

வளர்ந்த ஈஸ்ட்டைச் சீரத்தில் கலந்து, 37 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். உருண்டைச் செல், பயறு முளைவிட்டதுபோலக் குழாய் நீட்டியிருந்தால் பெரும்பாலும் கேண்டிடா அல்பிகன்ஸ். குரோம் அகார் தட்டில் அது பச்சையாக வளரும். கேண்டிடாவின் வேறு இனங்களில் டிராபிகாலிஸ் நீலம், குரூசி இளஞ்சிவப்பு. எல்லாருக்கும் தெரிந்த பூஞ்சை மருந்தான ஃபுளுகோனசோல் குரூசியிடம் எடுபடாது. இனம் தெரியாமல் மருந்து எழுதுவதில் உள்ள ஆபத்து இதுதான்.

கேண்டிடா ஆரிஸ் இன்னும் பொல்லாதது. 2009-ல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுத்து விவரிக்கப்பட்டது. 2013-ல் ஆய்வாளர் அனுராதா சௌத்ரி குழுவினர், தில்லியின் இரண்டு ஆஸ்பத்திரிகளில் 12 நோயாளிகளிடம் அதைக் கண்டதாக எழுதினார்கள். தானியங்கிக் கருவியோ அதை ஹீமுலோனி என்ற வேறு இனமாகக் காட்டியிருந்தது. மரபணு வரிசையைப் பார்த்த பிறகே குட்டு வெளிப்பட்டது. ஆரிஸிடமும் ஃபுளுகோனசோல் எடுபடவில்லை. இன்று மால்டி டாஃப் கருவி, சரியான தரவுத்தொகுப்பு இருந்தால், விரைவில் இனம் சொல்லிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் ஆரிஸை மிக அபாயகரமான பூஞ்சைகளின் வரிசையில் வைத்தது.

ஆரிஸ் நோயாளியின் தோலிலும் கட்டில் கம்பியிலும் ஒட்டிக்கிடக்கும். ஆகவே மாநில எல்லை தாண்டி ஆஸ்பத்திரி மாறும்போது டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு வாங்குங்கள். எந்த ஆன்டிபயாடிக், எத்தனை நாள், டியூப் எப்போது போட்டது, கல்ச்சரில் என்ன வளர்ந்தது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். முந்தைய இடத்தில் ஆரிஸ் இருந்தது என்றால் மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் நோயாளிக்குச் சரியான மருந்து சீக்கிரம் கிடைக்கும்; பக்கத்துக் கட்டில்காரரும் தப்பிப்பார்.