தலைக்கு மேல் ஒரு வௌவால்

போன மாதம் அண்ணன் மகளோடு சென்னையில் ஒரு மாலுக்குப் போயிருந்தேன். அவள் ஐந்தாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கீழ்த்தளம் முழுக்கக் கார்கள் நெருக்கியடித்து நின்றன. எத்தனை சுற்று சுற்ற வேண்டுமோ என்று நான் யோசிப்பதற்குள் அவள் கத்தினாள்: "சித்தப்பா, அங்க ஒரு பச்சை!"

கார் நிற்கும் ஒவ்வோர் இடத்துக்கும் மேலே, கூரையில் ஒரு சின்ன விளக்கு. வண்டி நின்றால் சிவப்பு, காலி என்றால் பச்சை. நீளமான சிவப்பு வரிசையின் நடுவே ஒற்றைப் பச்சை எரிந்துகொண்டிருந்தது. காரை அங்கே விட்டு, இறங்கி அண்ணாந்து பார்த்தோம். சில வினாடிகளில் அதுவும் சிவப்பாகிவிட்டது.

"யாரு சுவிட்ச் போட்டாங்க?"

யாருமே போடவில்லை, குட்டிகளே. விளக்கோடு சேர்ந்து சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி இருந்தது. அதன் அடிப்பக்கத்தில், சல்லடைக் கண்ணோடு சட்டைப் பொத்தான் போல இரண்டு வட்டங்கள். அவை கேமரா என்று அவள் நினைத்தாள். இல்லை. ஒன்று வாய், மற்றொன்று காது!

அந்த வாய் ஓயாமல் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. நமக்குத்தான் கேட்காது. ஒரு வினாடிக்கு 20 முதல் 20,000 அதிர்வு வரை உள்ள ஒலிதான் மனிதக் காதுக்கு எட்டும். இந்தக் கருவிகள் பெரும்பாலும் 40,000 அதிர்வில் ஒலிக்கின்றன. இதற்கு மீயொலி என்று பெயர். அது கீழே போய் எதிலாவது பட்டுத் திரும்பி வரும்; காது அதைப் பிடித்துக்கொள்ளும். போய் வர எவ்வளவு நேரம் ஆனது? கருவிக்குத் தெரிய வேண்டியது இது ஒன்றுதான்.

வாருங்கள், கணக்குப் போடலாம். காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். கருவி தரையிலிருந்து இரண்டரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடம் காலியாக இருந்தால் ஒலி தரை வரை போய்த் திரும்ப வேண்டும். மொத்தம் 5 மீட்டர். 5-ஐ 340-ஆல் வகுத்தால், ஒரு வினாடியை ஆயிரம் துண்டாக்கி அதில் ஏறத்தாழ 15 துண்டு. இப்போது ஒன்றரை மீட்டர் உயரக் கார் வந்து நிற்கிறது. ஒலி அதன் கூரையிலேயே பட்டுத் திரும்பிவிடும், 2 மீட்டர்தான். 6 துண்டு நேரம் போதும். எதிரொலி சீக்கிரம் வந்துவிட்டதா? வண்டி நிற்கிறது, சிவப்பு! யாராவது குறுக்கே நடந்து போனால் ஏமாந்துவிடக் கூடாதல்லவா? அதனால் பலமுறை கேட்டுப் பார்த்து உறுதிசெய்த பிறகே நிறம் மாறும்.

எல்லாக் கருவிகளும் தங்கள் பதிலைக் கம்பி வழியே கணினிக்கு அனுப்ப, அது பச்சைகளை எண்ணி நுழைவாயில் பலகையில் 'காலி இடம்: 47' என்று காட்டுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த வாயும் காதும்தான். உள்ளே ஒரு பீங்கான் வில்லை இருக்கிறது. அதற்கு மின்சாரம் கொடுத்தால் அதிரும். அதை அதிர வைத்தால் மின்சாரம் தரும். ஒரே பொருள் பேசவும் செய்யும், கேட்கவும் செய்யும். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று 1880-இல் கண்டுபிடித்தவர்கள் பிரான்சைச் சேர்ந்த ழாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள். பின்னாளில் மேரி கியூரியைத் திருமணம் செய்துகொண்டவர் இந்தப் பியர்தான்.

ஆனால் எதிரொலியைக் கேட்டு எதிரே இருப்பதை அறியும் வித்தையை மனிதர்களுக்கு முன்பே கற்றுவைத்திருந்தவை வௌவால்கள். கண் தெரியாத வௌவாலும் இருட்டில் எதிலும் மோதாமல் பறக்கிறது என்று 1790-களில் இத்தாலியின் ஸ்பல்லன்சானி கண்டார். காதை அடைத்தால்தான் தடுமாறுகிறது என்று சுவிட்சர்லாந்தின் ஜூரின் காட்டினார். காதால் எப்படிப் பார்க்க முடியும் என்று பலர் நம்ப மறுத்தார்கள். 1938-இல் அமெரிக்க மாணவர் டொனால்ட் கிரிஃபின், பேராசிரியர் பியர்ஸ் உருவாக்கிய கருவியின் முன்னால் வௌவால்களைக் கொண்டுபோய் வைத்தபோதுதான், நமக்குக் கேட்காத அவற்றின் கூச்சல் வெளிப்பட்டது. ஏறக்குறைய 140 ஆண்டுகள் காத்திருந்த விடை!

கூரைக் கருவிக்கு வௌவாலின் சாமர்த்தியம் கிடையாது. அன்று ஒரு கார் கோட்டைத் தாண்டி நின்றிருந்தது. பக்கத்து இடத்தில் சைக்கிள்தான் நுழையும். ஆனாலும் அங்கே பச்சை எரிந்தது. தனக்கு நேர் கீழே இருப்பது மட்டுமே அதற்குத் தெரியும். கோட்டுக்குள் நிறுத்துவது நம் பொறுப்பு.

இந்த எதிரொலி வித்தையை நீங்களே செய்து பார்க்கலாம். கார்கள் வந்து போகும் இடத்தில் வேண்டாம். பள்ளி மைதானத்தில், ஒரு பெரிய சுவருக்கு எதிரே நின்று பலமாக ஒரு தடவை கைதட்டுங்கள். சுவர் 17 மீட்டருக்கும் அதிகத் தூரத்தில் இருந்தால்தான் எதிரொலி தனியாகக் கேட்கும்; கிட்டே இருந்தால் தட்டிய சத்தத்தோடு கலந்துவிடும். அண்ணன் மகள் முதலில் 20 அடி எடுத்து வைத்துத் தட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை. பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து, நாற்பதாவது அடியில் தட்டிவிட்டு அப்படியே அசையாமல் நின்றாள். "சித்தப்பா, சுவரு திருப்பித் தட்டுது!"