பனாமாத் தொப்பியின் பிறப்பிடமும் இழைப்புத் தரமும்

பொருளின் பெயர் அதன் பிறப்பிடத்தைக் காட்டுதல் இயல்பு. ஆயின், பெயரே பிறப்பிடத்தை மறைத்து நிற்கும் பொருள்களும் உள. பனாமாத் தொப்பி அவற்றுள் ஒன்று. இது பனாமா நாட்டிற் பிறந்ததன்று. தென்னமெரிக்காவின் மேலைக் கரையிலுள்ள ஈக்குவடோர் நாட்டுக் கைவினைஞர் இழைப்பது. அந்நாட்டு வணிகர் கடல்வழியாக அதனைப் பனாமாப் பூசந்திக்குக் கொணர்ந்து விற்றனர். 1848 இற் கலிபோர்ணியாவிற் பொன் காணப்பட்டதை அடுத்து, அங்கு விரைந்தோருட் பலர் அப்பூசந்தியைக் கடந்தே சென்றனர். வெயிலுக்கு அஞ்சி வாங்கிய தொப்பியை வாங்கிய இடத்தின் பெயராலேயே அழைத்தனர். 1906 இற் கால்வாய் வேலையைப் பார்வையிடச் சென்ற ஐக்கிய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ற் இத்தகைய தொப்பியுடன் தோன்றிய படங்கள் பரவியபின் அப்பெயர் மாறாது நிலைத்துவிட்டது.

ஈக்குவடோர் மக்களுக்கு இது சிறு குறையன்று. அந்நாட்டின் தாராளவாதப் புரட்சித் தலைவரும் பின்னர்க் குடியரசுத் தலைவருமான எலோய் அல்பாரோ, 1842 இல் மொன்றெகிறிஸ்ரி என்னும் ஊரிற் பிறந்தவர். தொப்பி ஏற்றுமதி செய்த வணிகரின் மைந்தர். அவர்தம் அரசியல் முயற்சிகளுக்கு அவ்வணிகத்தின் வருவாயும் துணைநின்றது. நாட்டின் வரலாற்றோடு பின்னிய பொருளொன்று அயல்நாட்டின் பெயரால் உலாவுகின்றது.

தொப்பிக்குரிய நார் தொக்கியா என்னும் செடியிலிருந்து பெறப்படுவது. தாவர நூலார் இதனைக் கர்லுதோவிகா பல்மாற்றா என்பர். விசிறி போன்ற இலையாற் பனையினம் போலத் தோன்றினும் இது பனையினத்தைச் சார்ந்ததன்று. ஸ்பானிய மன்னன் நான்காம் கார்லோசுக்கும் அவன் அரசி லூயிசாவுக்கும் மதிப்பாக அப்பெயர் அமைந்தது. அரசனும் அரசியும் செடியிற் பெயர் பெற்றனர். பூசந்தி தொப்பியிற் பெயர் பெற்றது. இழைத்த கைக்குத்தான் பெயரில்லை. இலை விரியுமுன் குருத்தாகவே வெட்டி, பசிய புறப்பகுதியை நீக்கி, உள்நாரைக் கொதிநீரில் அவித்து, நிழலிலும் காற்றிலும் உலர்த்துவர். உலரும்போது ஓரங்கள் உட்சுருண்டு ஒவ்வோரிழையும் உருண்டையான நூல்போல ஆகிவிடும். பின்னர்க் கந்தகப் புகையூட்டி வெளுப்பர். இழையை எத்துணை நுண்ணிதாக வார்கின்றனரோ, அத்துணை நுண்ணிதாகத் தொப்பி அமையும்.

இழைப்பு நடைபெறும் இடங்கள் இரண்டு வகையின. மனாபி மாகாணத்துக் கரையோரத்தில் மொன்றெகிறிஸ்ரியும் அதனை அடுத்த பீலே என்னும் சிற்றூரும் மிக நுண்ணிய தொப்பிகளுக்குப் பெயர்பெற்றவை. அங்கு இழைப்போர் மரக்கட்டையின்மேல் மார்பை ஊன்றிக் குனிந்து நின்று வேலை செய்வர். வெப்பத்தில் நார் முறியுமாதலின் அதிகாலையையும் மாலையையும் தேர்வர். மலைநாட்டிலோ குவெங்கா நகரைச் சூழ்ந்த ஊர்களிற் பெரும்பாலும் பெண்கள் இருந்தும் நடந்தும், சந்தைக்குச் செல்லும் வழியிலுங்கூட இழைப்பர். நார் கரையோரத்திலிருந்தே அவர்களுக்கு ஏறிச் செல்கின்றது. குவெங்காத் தொப்பிகளுள் 'பிறீசா' எனப்படும் இழைப்பு, சிறு கட்டங்கள் போலத் தோன்றும்; மற்றைய நெருங்கிய இழைப்பு மீன்முள் அடுக்கியதுபோலக் காணப்படும். ஆகவே, இழைப்பின் அமைப்பை நோக்கியே பிறப்பிடம்பற்றி ஓரளவு ஊகிக்கலாம். முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது.

தரத்தை அளப்பது எவ்வாறு? ஓர் அங்குல நீளத்தில் இழைகள் குறுக்கே எத்தனை, நெடுக்கே எத்தனை என உருப்பெருக்காடியால் எண்ணிப் பெருக்குதலே நேரிய முறை. குறுக்கே 20, நெடுக்கே 20 எனின், சதுர அங்குலத்திற்கு 400 பின்னல்களாம். வணிகர் இடும் தர எண்கள் இதனின் வேறானவை. அவற்றுக்குப் பொதுவான அளவுகோல் இல்லை. ஒருவர் 15 என்பதை மற்றொருவர் 20 என்று விற்றல் கூடும். தொப்பியின் உச்சியை ஒளிக்கு எதிரே பிடித்தால் வட்ட வளையங்கள் தோன்றும். புதிய இழைகள் சேர்க்கப்பட்ட இடங்களே அவை. வளையம் மிகுந்தாற் தரம் மிகும் என்று கூறுவாருளர். எனினும், வளையத்தின் எண்ணிக்கை இழைப்பவரின் வழக்கத்தையும் பொறுத்ததாதலின் அதை மட்டும் நம்புதல் பிழை. நுண்மையிலும் சீர்மையே முதன்மையானது: நடுத்தர இழையாயினும் ஒரே பருமனும் நேரிய வரிசையும் உடைய தொப்பி, இடையிடையே தடித்த நாரும் துளையும் கொண்ட நுண்ணிய தொப்பியினும் மேலானது. விளிம்பையும் காண்டல் வேண்டும். நல்ல தொப்பியில் இழைமுனைகள் மீண்டும் உட்செலுத்தி இழைக்கப்பட்டிருக்கும். வெட்டித் தைத்த விளிம்பு அவசர வேலையைக் காட்டும்.

போலிகளும் பல. முறுக்கிய கடதாசி இழையாற் செய்தவை பார்வைக்கு வெண்மையாயினும், இழைகள் அனைத்தும் ஒரே நிறமும் ஒரே பருமனும் கொண்டிருக்கும். இயற்கை நாரின் நிறவேறுபாடு அவற்றில் இராது. இத்தாலியிலும் இங்கிலாந்திலும் புகழ்பெற்ற கோதுமை வைக்கோற் தொப்பிகள் போலிகளல்ல; வேறினத்தன. அவை நீண்ட பின்னற்பட்டையைச் சுருளாகச் சுற்றித் தைத்தவை. பனாமாத் தொப்பியோ உச்சி நடுவிலிருந்து விளிம்புவரை தையலின்றி ஒரே இழைப்பாய் வளர்வது. மெய்யான தொப்பியைச் சுருட்டி மோதிரத்தினூடே இழுக்கலாம் என்று சொல்லப்படும் சோதனையைச் செய்யாதிருத்தல் நன்று. உலர்ந்த நார் மடிப்பில் வெடிக்கும். சோதனை முடியுமுன் தொப்பியும் முடிந்துவிடும்.

யுனெஸ்கோ நிறுவனம் 2012 இல் இவ்விழைப்புக் கலையை மனித குலத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலிற் சேர்த்தது. தரத்திற்கேற்ப ஒரு தொப்பிக்கு ஒரு நாளும் ஆகலாம்; எட்டு மாதமும் ஆகலாம். அதனை இழைத்தவர் முனைகள் தொங்கும் நிலையிலேயே இடைத்தரகரிடம் விற்றுவிடுகின்றார். இறுக்குதல், கழுவுதல், வெளுத்தல், மரச்சுத்தியலால் அடித்து மென்மையாக்கல், அழுத்தி வடிவமிடல் ஆகியன வேறு கைகளில் நிகழும். ஒவ்வொரு கையிலும் விலை ஏறும். இறுதி வடிவம் பலமுறை வெளிநாட்டுப் பட்டறைகளிலேயே இடப்படுதலின், உட்பட்டியில் அந்நாட்டு நகரின் பெயர் பொறிக்கப்படுவதுண்டு. அது வடிவமிட்ட இடத்தின் பெயர். இழைத்த இடத்தை அறிய விரும்புவோர் பட்டியை விடுத்து, உச்சியின் உட்புறத்தையே ஒளியிற் பிடித்து நோக்குவர்.