முகத்தில் விழட்டும் வெளிச்சம்

189 அடி உயரக் கோட்டை அழகாக வந்திருக்கிறது. ஊதா விளக்கில் குளித்த சுவர், தங்கப் பூண் போட்ட கோபுர முனைகள், மேலே சிதறும் வாணவேடிக்கை என எல்லாமே துல்லியம். முன்னால் நிற்கும் நான்கு பேர்தான் யாரென்று தெரியவில்லை. ஃபுளோரிடா மாநிலத்தில் ஆர்லாண்டோ பக்கத்தில் இருக்கும் டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவுக்குப் போய்வந்த பல குடும்பங்களின் போனில் இப்படி ஒரு படமாவது இருக்கும். அதற்கு அடுத்த படத்தில் ஃபிளாஷ் போட்டிருப்பார்கள். இப்போது நான்கு பேரும் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்து நிற்பார்கள். பின்னால் கோட்டையைக் காணோம்.

தவறு போனில் இல்லை. கோட்டையைக் குளிப்பாட்ட எத்தனையோ விளக்குகள் இருக்கின்றன. அதற்கு முதுகைக் காட்டி நிற்கும் குடும்பத்தின் முகத்துக்கு ஒரு விளக்கும் கிடையாது. பிரகாசமான பின்னணியைப் பார்த்ததும் கேமரா தன் கண்ணைச் சுருக்கிக்கொள்கிறது. முன்னால் இருப்பவர்கள் நிழலாகிவிடுகிறார்கள். ஃபிளாஷ் இதைச் சரிசெய்யாததற்குக் காரணம் எளிய இயற்பியல். தூரம் இரு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகக் குறையும். 2 மீட்டரில் நிற்கும் குழந்தைக்குப் போதுமான ஃபிளாஷ், 100 மீட்டர் தள்ளியிருக்கும் கோட்டைக்குப் போய்ச் சேரும்போது 2,500-ல் ஒரு பங்குதான். போனில் இருக்கும் சின்ன எல்.இ.டி. விளக்குக்கு இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் எட்டவே எட்டாது.

ஆகவே இரவுப் படத்துக்கு முதலில் தேட வேண்டியது கோட்டையை அல்ல, முகத்தில் விழக்கூடிய வெளிச்சத்தை. கோட்டை எங்கும் போய்விடாது.

நேரத்தைச் சரியாகப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. ‘நைட் ஃபோட்டோ’ என்றதும் நன்றாக இருட்டட்டும் என்று காத்திருப்பவர்களே அதிகம். சூரியன் மறைந்து பதினைந்து நிமிடத்திலிருந்து அரை மணி வரையிலான நேரத்தைப் புகைப்படக்காரர்கள் பொன்னாக மதிப்பார்கள். வானம் ஆழ்ந்த நீலமாக இருக்கும், கோட்டை விளக்குகள் எரியத் தொடங்கியிருக்கும், முகத்திலும் வானத்தின் மிச்ச வெளிச்சம் கொஞ்சம் ஒட்டியிருக்கும். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் சாதாரண போன்கூட நல்ல படம் தரும். ஆர்லாண்டோவில் ஜூன் கடைசியில் சூரியன் மறைய எட்டரை மணி ஆகிவிடும். டிசம்பர் தொடக்கத்தில் ஐந்தரைக்கே மறைந்துவிடும். கோடை விடுமுறைக்குப் போகிறவர்களும் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போகிறவர்களும் ஒரே கடிகாரத்தை நம்ப முடியாது. இன்னொரு வசதியும் உண்டு. பூங்கா வாசலிலிருந்து கோட்டைக்குப் போகும் மெயின் ஸ்ட்ரீட்டில் நின்று கோட்டையைப் பார்ப்பவர் வடக்கு நோக்கி நிற்கிறார். சூரியன் மறையும் மேற்குத் திசை படத்துக்குள் வராததால், கோட்டைக்குப் பின்னால் வானம் சீரான நீலமாகக் கிடைக்கும்.

அந்த நேரத்தில் சாப்பாட்டுக் கடையில் வரிசையில் நின்றுவிட்டால் படம் போச்சு. இரவுச் சாப்பாட்டை முன்னால் தள்ளுவதோ பின்னால் தள்ளுவதோ வீட்டுப் பெரியவர்களோடு காலையிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

நன்றாக இருட்டிய பிறகும் வழி இருக்கிறது. பூங்காவுக்குள் முகத்துக்கு வெளிச்சம் தரும் மூலைகள் நிறைய. மெயின் ஸ்ட்ரீட்டில் எம்போரியம் கடையின் பெரிய கண்ணாடி ஜன்னல்கள் அகலமான, மிருதுவான, மஞ்சள் கலந்த ஒளியைத் தெருவில் கொட்டுகின்றன. கல்யாண ஸ்டூடியோக்காரர் குடை விரித்து உண்டாக்கும் வெளிச்சம் இங்கே சும்மா கிடைக்கிறது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டாமல், அதைப் பார்த்தபடி சற்றே பக்கவாட்டில் நின்றால் போதும். ஃபேண்டஸிலேண்டில் ரபுன்ஸெல் கோபுரத்தை ஒட்டித் தொங்கும் காகித விளக்கு போன்ற விளக்குகளும் அப்படித்தான். 2013-ல் திறந்த அந்தக் கோபுர மூலையின் முக்கியக் கட்டடம் உண்மையில் ஒரு கழிப்பறை வளாகம். ஆனாலும் பூங்காவிலேயே முகத்தை இதமாகக் காட்டும் இரவு ஒளிகளில் ஒன்று அங்கே இருக்கிறது. குழந்தை கையில் வைத்திருக்கும் மினுங்கும் பலூனும் குமிழி ஊதும் பொம்மையும்கூட விளக்குகள்தான். அவற்றை மார்புக்கு நேராகப் பிடிக்கச் சொன்னால் கண்ணில் ஒரு பொட்டு ஒளி விழும். அந்தப் பொட்டு இல்லாத கண் படத்தில் செத்துப்போன மாதிரி தெரியும்.

குதிரை ராட்டினத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிரின்ஸ் சார்மிங் ரீகல் காரூசல் என்று இன்று அழைக்கப்படும் இந்த ராட்டினம் பூங்காவைவிட வயதில் மூத்தது. பிலடெல்பியா டொபோகன் நிறுவனம் 1917-ல் செய்தது. கூரையைச் சுற்றிலும் விளக்குகள் எரிகின்றன. அதன் வேலிக்கு இந்தப் பக்கம் குடும்பத்தை அசையாமல் நிறுத்தி, ஷட்டரை எட்டில் ஒரு நொடிக்கு வைத்து, கேமராவை எதிலாவது ஊன்றி எடுத்தால், குதிரைகள் ஒளிக்கோடுகளாக ஓட, மனிதர்கள் மட்டும் தெளிவாக நிற்பார்கள். ஃபிளாஷ் உருப்படியாக உதவும் இடமும் இதுதான். மெதுவான ஷட்டர் ராட்டினத்தின் ஒளியை வாங்கிக்கொள்ளும், குறைந்த அளவில் விடும் ஃபிளாஷ் முகங்களை உறைய வைக்கும். ‘நைட் போர்ட்ரெயிட்’ அல்லது ‘ஸ்லோ சிங்க்’ என்ற பெயரில் பல கேமராக்களில் இந்த ஏற்பாடு தயாராகவே இருக்கிறது.

வாணவேடிக்கை நேரத்தில் நூற்றுக்கு நூறு பேரும் போனை வானத்துக்குத் தூக்குகிறார்கள். ‘ஹேப்பிலி எவர் ஆஃப்டர்’ என்ற நிகழ்ச்சி 2017 மே மாதம் தொடங்கி, இடையில் நிறுத்தப்பட்டு, 2023 ஏப்ரலில் திரும்பி வந்தது. அதில் வெடிக்கும் ஒவ்வொரு வாணமும் ஆயிரக்கணக்கான போன்களில் பதிவாகியிருக்கிறது. அந்தப் படங்களுக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் எதற்கென்றால், அண்ணாந்து பார்க்கும் பிள்ளையின் முகத்துக்கு. படம் எடுப்பவர் இரண்டே இரண்டு நிமிடம் கோட்டைக்கு முதுகைக் காட்டிக் குடும்பத்தைப் பார்த்து நின்றால் போதும். பெரிய வெள்ளை வாணம் வெடிக்கும்போது அந்த ஒளி முழுதும் முகங்களில்தான் விழுகிறது. அப்போது யாரும் ‘சிரிங்க’ என்று சொல்லத் தேவையில்லை. தாத்தா வாய் பிளந்திருப்பார், சின்னது காதைப் பொத்தியிருக்கும். 2023-ல் திரும்பி வந்த நிகழ்ச்சி மெயின் ஸ்ட்ரீட் கட்டடங்களின் மேலும் ஒளிப்படங்களைப் பாய்ச்சுகிறது. தெருவில் நிற்பவர்களின் முகத்துக்கு இரு பக்கமிருந்தும் வண்ணம் கிடைப்பது இதனால்தான். பிரகாசம் சட்டென்று மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் ஒன்றை எடுத்துவிட்டு நிறுத்தாமல், விடாமல் பத்துப் பதினைந்து எடுத்துவைத்துப் பிறகு கழித்துக்கொள்வதே நல்லது.

ஒளி அணிவகுப்பும் இதே கணக்கில் சேரும். 2025 ஜூலையில் தொடங்கிய ‘ஸ்டார்லைட்’ அணிவகுப்பில் முழுக்க விளக்கு பதித்த வண்டிகள் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளைச் சில அடி தூரத்தில் கடந்துபோகின்றன. வண்டியை விட்டுவிட்டு, அது ஒளியூட்டும் முகத்தை எடுக்கலாம்.

போனின் ‘நைட் மோடு’ பற்றிச் சரியான புரிதல் பலருக்கு இல்லை. கூகுளின் பிக்ஸல் போனில் ‘நைட் சைட்’ என்ற பெயரில் 2018-லும், ஆப்பிளின் ஐபோன் 11-ல் 2019-லும் இந்த வசதி வந்தது. ஒன்றிலிருந்து சில நொடிகளுக்குள் பல படங்களை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ப்பதுதான் இதன் வேலை. கட்டடத்துக்கு அற்புதம். மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்தச் சில நொடி ஒரு யுகம். ஆடிவிடும், படமும் ஆடிவிடும். திரையில் நொடி அதிகமாகக் காட்டினால் அதை ஒன்றாகக் குறைக்கலாம், அல்லது மோடையே அணைத்துவிட்டு வெளிச்சமுள்ள ஜன்னல் பக்கம் நகரலாம். பெரியவர்களை மூச்சை இழுத்துப் பிடித்து நிற்கச் சொல்வதும் பலன் தரும். கேமரா வைத்திருப்பவர்கள் ஓடும் குழந்தைக்கு 125-ல் ஒரு நொடிக்குக் கீழே இறங்காமல், ஐஎஸ்ஓவை 3200-க்கோ அதற்கு மேலோ தயங்காமல் ஏற்றலாம். புள்ளி புள்ளியாக இருக்கும் படத்தைப் பார்க்க முடியும், ஆடிய முகத்தை என்ன செய்தாலும் மீட்க முடியாது.

கோட்டை முழுதும் வர வேண்டும் என்று 0.5 எண் உள்ள அகல லென்ஸுக்குப் போவது இருட்டில் நஷ்டம். பெரும்பாலான போன்களில் அந்த லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சம் குறைவு. அதற்குப் பதில் எல்லோரும் கோட்டையிலிருந்து பின்னால் வர வேண்டும். வால்ட் டிஸ்னியும் மிக்கி மவுஸும் கைகோத்து நிற்கும் சிலை 1995-ல் வைக்கப்பட்டது. அந்தச் சிலை இருக்கும் வட்ட வெளிக்கும் பின்னால், மெயின் ஸ்ட்ரீட்டின் முனைக்கு வந்து, குடும்பம் கேமராவுக்கு இரண்டு மீட்டரில் நின்றால், இயல்பான 1 எண் லென்ஸிலேயே கோட்டையும் அடங்கும், முகமும் பெரிதாக இருக்கும்.

லென்ஸைத் துடைப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் யாரும் செய்வதில்லை. பகல் முழுக்கப் பூசிய சன் ஸ்க்ரீனும் விரல் பிசுக்கும் சேர்ந்து ஒவ்வொரு விளக்கையும் பூதாகாரமான ஒளிவட்டமாக்கிவிடும். குளிரூட்டிய கடையிலிருந்து ஃபுளோரிடாவின் புழுக்கத்துக்கு வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படியும். சில நிமிடம் பொறுக்க வேண்டும்.

செல்ஃபி ஸ்டிக்கை வீட்டிலேயே விட்டுவிடலாம். சவாரிகளில் மக்கள் அதை நீட்டிப் பிடித்ததால் 2015 ஜூன் 30 முதல் டிஸ்னி அதைப் பூங்காவிலேயே தடை செய்துவிட்டது. முக்காலியில் சாதாரண முதுகுப்பைக்குள் அடங்கும் சிறியது மட்டுமே செல்லும். அதுவும் இல்லையென்றால் தட்டையான மேல்பரப்புள்ள குப்பைத்தொட்டிகள் வழியெங்கும் இருக்கின்றன. போனை அதன்மேல் சாய்த்து டைமர் வைத்தால் அப்பாவும் படத்தில் இருப்பார். இருட்டு சவாரிகளுக்குள் ஃபிளாஷ் போடுவது விதிக்கு விரோதம், பின்னால் இருப்பவர்களின் மகிழ்ச்சிக்கும் விரோதம்.

நம் ஊர்க் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இரவில் கறுத்த சருமத்தைக் கேமரா நியாயமாகக் காட்டுவதில்லை என்பது வெறும் மனக்குறை அல்ல, அதற்கு வரலாறு இருக்கிறது. ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் லேப்களுக்கு நிறம் சரிபார்க்க அனுப்பிய ‘ஷெர்லி கார்டு’களில் பல பத்தாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே இருந்தது. பல நிறத்தவரும் இருக்கும் கார்டு வந்தது 1990-களின் நடுவில்தான். கூகுள் 2021-ல் பிக்ஸல் 6 போனோடு ‘ரியல் டோன்’ என்ற திருத்தத்தைக் கொண்டுவந்தது இந்தக் குறையை ஒப்புக்கொண்டுதான். இன்றைக்கும் பல போன்கள் இருட்டில் முகத்தைச் செயற்கையாக வெளுக்க வைக்கின்றன. ‘பியூட்டி’ வசதியை அணைத்துவிடுவது முதல் வேலை. ஒரே வரிசையில் மாநிறமும் கறுப்பும் கலந்து நிற்கும்போது, கறுத்த முகம் உடையவரை வெளிச்சத்துக்கு ஓரடி நெருக்கமாக நிறுத்தி, திரையில் அவர் முகத்தைத் தொட்டு ஃபோகஸ் வைக்க வேண்டும். பாட்டியின் முகம் அவர் முகமாகவே வர வேண்டும், வெளுத்தும் அல்ல, கரைந்தும் அல்ல. உடையும் சேர்ந்துதான்: கறுப்பு டிசர்ட் இரவோடு கலந்துவிடும், தூய வெள்ளை கேமராவின் கணக்கைக் குழப்பும். மாம்பழ மஞ்சள், இளஞ்சிவப்பு, வெளிர் நீலம் எல்லாம் நன்றாக எடுபடும்.

பாட்டி சக்கர நாற்காலியில் இருந்தால் மற்றவர்கள் குனிய வேண்டும், கேமராவும் இறங்க வேண்டும். தாழ்ந்த கோணத்தில் கோட்டை இன்னும் உயரமாகத் தெரியும் என்பது கூடுதல் லாபம். மேலே போகப் போகக் கல் வடிவங்களைச் சிறிதாக்கி அமைத்ததால் அந்தக் கோட்டை ஏற்கெனவே தன் உயரத்தைக் கூட்டிக் காட்டுகிறது.

எல்லோரும் ஒன்றாக வரும் படத்துக்கு டிஸ்னியின் ‘ஃபோட்டோபாஸ்’ புகைப்படக்காரர்கள் கோட்டைக்கு முன்னால் நிற்பார்கள். அவர்கள் எடுக்கும் படத்துக்குத் தனிக் கட்டணம். கேட்டால் நம் போனிலும் ஒன்று எடுத்துத் தருவார்கள். வரிசை நீளமாக இருந்தால் அவசரப்பட வேண்டாம். பூங்கா மூடும் நேரம் என்று அறிவித்த பிறகும் மெயின் ஸ்ட்ரீட் கடைகள் கொஞ்ச நேரம் திறந்திருக்கும். கூட்டம் வாசல் பக்கம் வடிந்ததும் வட்ட வெளி காலியாகும். அப்போது கோட்டை விளக்குகள் மினுங்கும் சின்ன விடைகொடுப்பு ஒன்றும் உண்டு. தூக்கம் தாங்காத பிள்ளையை எழுப்பி நிறுத்தத் தேவையில்லை. அப்பாவின் தோளில் சாய்ந்தபடியே இருக்கட்டும், அசையாமல் இருப்பது அந்த ஒரு பிள்ளைதான்.

ஊர் திரும்பி ஆல்பம் போடும்போது கவனிக்க ஒன்று இருக்கிறது. இருட்டில் போன் திரை கண்ணுக்கு மிகவும் பிரகாசமாகத் தெரியும். அதை நம்பி அச்சுக்குக் கொடுத்தால் படம் எதிர்பார்த்ததைவிட இருண்டு வரும். பகல் வெளிச்சத்தில், திரைப் பிரகாசத்தைப் பாதியாகக் குறைத்து வைத்துப் பார்த்து, முகங்களை மட்டும் சற்றே ஏற்றி, முதலில் ஒரே ஒரு பிரதி போட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றை லேபுக்குக் கொடுக்கலாம்.