கடைக்கு ஒரு முகம் – 14
ஐந்து காலிப் பாக்கெட்

போன வாரம் பெயர்ப்பலகையோடு நிறுத்தியிருந்தேன். யார் கண்ணில் எப்படிப் பட வேண்டும் என்பதைச் சின்ன முதலாளி முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். இந்த வாரம் விலையைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் சிக் ஷாம்பு குறுக்கே வந்துவிட்டது.

கடலூர் சி.கே.ரங்கநாதனின் கதை பலருக்கும் தெரியும். ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து ஏழை வீட்டுக்கும் கொண்டுபோக முடியும் என்று நினைத்தவர் அவருடைய அப்பா சின்னி கிருஷ்ணன். ரங்கநாதனின் சகோதரர்கள் வெல்வெட் ஷாம்புவை நடத்திவந்தார்கள். அதிலிருந்து விலகி, 1983-ல் 15,000 ரூபாயோடு தனியே இறங்கி சிக் ஷாம்புவைத் தொடங்கினார் ரங்கநாதன். பாக்கெட் போடும் இயந்திரம் 3,000 ரூபாய். (சின்ன வயதில் புறாவும் மீனும் வளர்த்து விற்றுக் கைச்செலவுக்குச் சம்பாதித்தவர் இவர். எனக்கு இந்த விவரம் ரொம்பப் பிடித்திருக்கிறது. விற்கத் தெரிந்தவன் எதையும் விற்பான்.)

அவர் கொண்டுவந்த திட்டம் இது: எந்தக் கம்பெனி ஷாம்புவாக இருந்தாலும் சரி, ஐந்து காலிப் பாக்கெட் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம்.

எந்தக் கம்பெனியானாலும்! இந்த வாரம் முழுக்க என்னை விடாமல் பிடித்துக்கொண்டது இதுதான். போட்டியாளரின் காலிப் பாக்கெட்டை வைத்திருக்கும் வீட்டுக்கு ஷாம்பு என்றால் என்ன என்று பாடம் நடத்த வேண்டியதில்லை. அந்தப் பாடத்தைப் போட்டியாளர் தன் செலவில் நடத்தி முடித்துவிட்டார். அதுவரை யாரும் கேட்காத சரக்கைப் பின்வரிசையில் தள்ளிவைத்திருக்கும் மளிகைக்கடை அண்ணாச்சியும், காலி உறையோடு ஆட்கள் வந்து பெயர் சொல்லிக் கேட்டால் முன்னால் தொங்கவிடத்தானே வேண்டும்?

கொஞ்ச காலம் கழித்து விதி மாறியது. இனி சிக் பாக்கெட் ஐந்துக்கு மட்டுமே இலவசம். ஓசிக்காக வந்தவர்கள் காசு கொடுத்து சிக் என்றே கேட்க ஆரம்பித்தார்கள். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சத்துக்குப் போனது என்று ரங்கநாதனே பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

இலவசம் கொடுக்கும் கடைக்கு ‘ஓசிக் கடை’ என்ற பெயர்தான் பெரும்பாலும் மிஞ்சும். சிக்குக்கு அந்தப் பெயர் ஒட்டவில்லை. காரணம், அவர் வெறுங்கையோடு வந்தவருக்குக் கொடுக்கவில்லை. ஷாம்பு போட்டுக் குளித்ததற்கு அத்தாட்சி கேட்டுத்தான் கொடுத்தார். திட்டத்தைத் தொடங்கியதைவிட, சரியான நேரத்தில் அதன் வாசலைக் குறுக்கியதுதான் பெரிய சாமர்த்தியம் என்பேன்.

ஷாம்புவே அறியாத கிராமங்களுக்கு வேறு வழி. ஒரு பையனை உட்காரவைத்து எல்லார் முன்னாலும் தலைக்குத் தேய்த்துக் குளிப்பாட்டுவார்கள். ஊர்க்காரர்கள் முடியைத் தொட்டு, முகர்ந்து பார்ப்பார்கள். ரஜினி படம் போட்டு, நடுவில் விளம்பரமும் காட்டி, கூட்டத்துக்குப் பாக்கெட் கொடுத்தார்கள். பிறகு மல்லிகை வாசனையில் ஷாம்பு வந்தது. தலையில் பூ வைக்கும் ஊரில் அந்த வாசனைக்கு விளக்கம் வேண்டுமா? விளம்பரத்துக்கு நடிகை அமலா வந்தது அதற்கும் பிறகு.

பக்கம் தீர்ந்துவிட்டது. விலையும், 50 காசுப் பாக்கெட்டும் அடுத்த வாரம். அதற்குள் ‘ஐந்து வாங்கினால் ஒன்று’ என்று அட்டை அச்சடிக்கக் கிளம்பும் கடைக்காரர்கள், அந்தச் சலுகையை என்றைக்கு நிறுத்தப்போகிறீர்கள் என்பதை முதலில் எழுதிவைத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போங்கள்.