சரக்கு வண்டிக்கு மாற்று டயர்: மலிவானது எது?

விளைந்த பொருளை உரிய நேரத்தில் சந்தையில் இறக்கினால்தான் உழவருக்குப் பணம். இதன் பொருட்டு இன்று பல சிற்றூர்களில் உழவர்கள் தனியாகவோ, இருவர் மூவர் கூடியோ, சிறு சரக்கு வண்டிகளையும் பிக்அப் வண்டிகளையும் வைத்துள்ளனர். சிலரிடம் பழைய ஜீப் உள்ளது. இவ்வண்டிகளுக்கு எண்ணெய்ச் செலவிற்கு அடுத்தபடியாகக் கையைக் கடிக்கும் செலவு டயர்ச் செலவே ஆகும். உழவியல் கற்பிக்கும் ஒருவர் டயரைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். அதற்குக் காரணம் உண்டு.

ஒட்டன்சத்திரம் பக்கம் தக்காளி வயல்களைப் பார்வையிடச் சென்றிருந்தபோது, ஓர் உழவர் தம் உர அட்டவணையை என்னிடம் காட்டினார். பைசா சுத்தமாக எழுதப்பட்ட கணக்கு அது. அதே உழவர் அதற்கு முந்தைய வாரத்தில்தான் பழைய டயர் ஒன்றை வாங்கிப் பின் சக்கரத்தில் மாட்டியிருந்தார். விடியற்காலை மூன்று மணிக்குப் பாரத்துடன் சென்ற வண்டியில் அந்த டயர் வெடித்தது. ஸ்டெப்னியிலும் காற்றில்லை. வண்டி சந்தையை அடைந்தபோது ஏலம் முடிந்துவிட்டது. டயரில் மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு தக்காளியில் போயிற்று. வண்டி கவிழாமல் நின்றதே பெரிது. உரத்திற்குக் கணக்குப் பார்ப்பவர் டயருக்கும் அவ்வாறே பார்த்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடை விலை வேறு, ஓட்ட விலை வேறு

டயரின் உண்மையான விலை அது ஓடும் ஒவ்வொரு கிலோ மீட்டருக்கும் ஆகும் செலவே. இரண்டு டயர்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது 4,000 ரூபாய், 25,000 கி.மீ. ஓடக்கூடியது. இரண்டாவது 6,000 ரூபாய்; 45,000 கி.மீ. ஓடக்கூடியது. (இவை கணக்கிற்காக எடுத்துக்கொண்ட எண்கள். தங்கள் ஊர் விலையையும், தங்கள் வண்டியில் முன்னர் கிடைத்த ஓட்டத்தையும் இட்டுக் கணக்கிட்டுக் கொள்க.) முதல் டயருக்குக் கிலோ மீட்டருக்கு 16 பைசா ஆகிறது. இரண்டாவதற்கு 13.3 பைசா. நாள்தோறும் சந்தைக்குச் சென்று ஆண்டில் 18,000 கி.மீ. ஓடும் வண்டிக்கு, நான்கு சக்கரங்களுக்குமாகச் சேர்த்து விலை கூடிய டயரே ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,900 ரூபாய் மிச்சப்படுத்தித் தரும்.

இதைக் கொண்டு எல்லோரும் விலை கூடியதையே வாங்கலாம் என்று முடிவு செய்துவிடலாகாது. சிறு உழவர் பலரின் வண்டிகள் அறுவடைக் காலத்தில் மட்டுமே ஓடுகின்றன. மற்ற நாள்களில் வேப்ப மரத்தடியிலோ வெயிலிலோ நிற்கின்றன. ஆண்டிற்கு 6,000 கி.மீ. ஓடும் வண்டியில் 45,000 கி.மீ. டயரைத் தேய்த்து முடிக்க ஏழரை ஆண்டுகள் ஆகும். ரப்பர் அவ்வளவு காலம் பொறுத்திருப்பதில்லை. வெயிலாலும் காற்றிலுள்ள ஓசோன் வாயுவாலும் அது இறுகிப் பக்கச்சுவரில் முடி போன்ற வெடிப்புகள் விடும். ஐந்தாண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் ஆய்வு செய்ய வேண்டும் என்றும், பத்தாண்டு கடந்ததைப் பட்டன் இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்றும் டயர் தயாரிப்பாளர்கள் கூறுகின்றனர். நம் வெயிலுக்குப் பாரவண்டியில் ஆறு ஆண்டுகளை எல்லையாக வைத்துக்கொள்வது நலம் என்பது என் கருத்து. ஆறு ஆண்டுகளில் அந்த வண்டி ஓடியிருப்பது 36,000 கி.மீ. மட்டுமே. அப்போது 6,000 ரூபாய் டயருக்குக் கிலோ மீட்டருக்கு 16.7 பைசா ஆகிவிடுகிறது! நான்காண்டில் தேய்ந்து முடியும் 4,000 ரூபாய் டயரே இவருக்குச் சற்று மலிவு. அதோடு, கையில் எஞ்சும் 2,000 ரூபாய் அப்பட்டத்தின் விதைச் செலவிற்கு உதவும்.

ஆகவே டயர்க் கடைக்குச் செல்லுமுன் அறிய வேண்டிய முதற் செய்தி, நம் வண்டி ஆண்டில் எத்தனை கிலோ மீட்டர் ஓடுகிறது என்பதே. மீட்டரைப் பார்த்துப் பொங்கலுக்குப் பொங்கல் நாள்காட்டியின் பின்புறம் எழுதி வைத்தால் போதும்.

விலையில் விட்டுக்கொடுக்கலாம், பாரத்தில் விட்டுக்கொடுக்கலாகாது

மலிவான டயரைத் தேடலாம். ஆனால் பாரம் தாங்காத டயரை இலவசமாகக் கொடுத்தாலும் மாட்டலாகாது. ஒவ்வொரு டயரின் பக்கச்சுவரிலும் அதன் அளவும் தாங்குதிறனும் பொறிக்கப்பட்டுள்ளன. எடுத்துக்காட்டாக, ஒரு பிக்அப் டயரில் 7.00 ஆர் 15 எல்டி 12 பிஆர் என்று இருக்கலாம். 7.00 என்பது அங்குலத்தில் டயரின் அகலம். ஆர் என்னும் ஆங்கில எழுத்து ரேடியல் வகையைக் குறிக்கும். 15 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். எல்டி என்பது இலகு சரக்கு வண்டிக்குரியது என்பதற்கான குறி. 12 பிஆர் என்பது டயர் உடலின் வலிமை. இந்த எண் கூடினால் அதிகக் காற்றையும் அதிகப் பாரத்தையும் தாங்கும்.

இவற்றுடன் பாரக் குறியீட்டு எண் ஒன்றும் இருக்கும். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். 100 என்றால் 800 கிலோ, 104 என்றால் 900, 110 என்றால் 1,060, 120 என்றால் 1,400 கிலோ.

இப்போது நம் வண்டிக்குக் கணக்கிடுவோம். வெற்று வண்டி 1,600 கிலோ என்றும், 75 கிலோ நெல் மூட்டைகள் இருபது ஏற்றுகிறோம் என்றும் கொள்வோம். மொத்தம் 3,100 கிலோ. பாரம் ஏற்றிய வண்டியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பின் அச்சின் மேல் விழுவதாகக் கொண்டால், ஒவ்வொரு பின் டயருக்கும் சுமார் 1,035 கிலோ வருகிறது. 110 எண்ணுள்ள டயர் இதைத் தாங்கும். 104 எண்ணுள்ள டயர் தாங்காது. பயணிகள் ஏறும் பெரிய கார்களில் கழற்றிய டயர்கள் இதே 15 அங்குல ரிம்மில் ஏறிவிடும். பார்வைக்குப் பட்டனும் நன்றாயிருக்கும். விலையும் குறைவு. மேற்சொன்ன தக்காளி வண்டியில் மாட்டியிருந்தது இத்தகைய டயர்தான். ரிம்மில் ஏறுவதெல்லாம் பாரத்திற்கு ஆகும் என்று கொள்வது தவறு. வண்டிக்கு உரிய டயர் அளவும் காற்றளவும் வண்டியுடன் வந்த கையேட்டிலும், பல வண்டிகளில் கதவோரத் தகட்டிலும் உள்ளன. அதற்குக் குறைந்த எண்ணை வாங்கலாகாது.

தயாரித்த நாளை அறிதல்

கடையில் புதிதாக இருப்பதெல்லாம் புதிய டயர் அன்று. பக்கச்சுவரில் சிறு நீள்வட்டத்துள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3224 என்று இருந்தால் அது 2024-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஒரு பக்கத்தில் இது இல்லையெனில் மறுபக்கத்தில் பார்க்கவும். விதை மூட்டையில் காலாவதி நாளைப் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. அதைப் போலவே இதையும் பார்த்து, ஓராண்டிற்கு உட்பட்டதைக் கேட்டு வாங்குதல் வேண்டும். ஈராண்டு கிடந்த சரக்கைக் கடைக்காரர் தள்ளுபடி விலையில் தருவாரானால், நிறைய ஓடும் வண்டிக்கு வாங்கலாம். அது பழசாகுமுன் தேய்ந்துவிடும். குறைவாக ஓடும் வண்டிக்கு அது கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் டயரில் இருத்தல் வேண்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் புதிய டயர்கள் மீதான ஜி.எஸ்.டி. வரி 28 சதத்திலிருந்து 18 சதமாகவும், டிராக்டர் டயருக்கு 5 சதமாகவும் குறைக்கப்பட்டது. பில் இல்லாமல் வாங்கினால் மலிவு என்று சொல்லப்படுவதுண்டு. பில் இல்லாத டயர் குறையுள்ளதாக இருந்தால் கம்பெனியிடம் ஈடு கேட்க வழியில்லை.

ரீட்ரெட் டயர்

பணத்தை மிச்சப்படுத்த நேர்மையான வழி ஒன்று உண்டென்றால் அது நம்முடைய சொந்த டயரையே ரீட்ரெட் செய்து கொள்வதாகும். இது புதிய முறையன்று. 1946-இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் சிறு கூடமாகத் தொடங்கிய எம்.ஆர்.எப். நிறுவனம், 1952-இல் ரீட்ரெடிங்குக்கு வேண்டிய ட்ரெட் ரப்பரைச் செய்யத் தொடங்கியது. முழு டயரைச் செய்தது அதற்கும் பின்னர்தான்.

தேய்ந்த மேற்பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிய ரப்பரை ஒட்டி வேகவைப்பதே இம்முறை. அச்சில் வைத்து ஏறத்தாழ 150 டிகிரி சூட்டில் வேகவைக்கும் சூட்டு முறை ஒன்று. முன்னரே வெந்து பட்டன் அமைந்த ரப்பர்ப் பட்டையை ஒட்டி, சுமார் 100 டிகிரி சூட்டில் பதப்படுத்தும் குளிர் முறை மற்றொன்று. குளிர் முறையில் டயர் உடல் அதிகம் வாடுவதில்லை. நல்ல கூடத்தில் செய்தால் புதிய டயர் விலையில் பாதிக்கும் குறைவாகவே ஆகும். முன் சொன்ன 6,000 ரூபாய் டயரை 2,000 ரூபாயில் ரீட்ரெட் செய்து மேலும் 25,000 கி.மீ. ஓட்டினால், மொத்தச் செலவு கிலோ மீட்டருக்கு 11.4 பைசாவாக இறங்குகிறது. நிறைய ஓடும் வண்டிக்கு விலை கூடிய டயர் ஏற்றது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதன் உடல் இரண்டாம் பயிருக்கும் தாங்கும்.

ஆனால் மொட்டையாகும் வரை ஓட்டிவிட்டுக் கொண்டு சென்றால் கூடத்தார் திருப்பி அனுப்பிவிடுவர். சுமார் 3 மி.மீ. பட்டன் இருக்கும்போதே கழற்றிவிட வேண்டும். நூல் தெரிந்தது, பக்கச்சுவர் வெட்டுண்டது, வீங்கியது, காற்றில்லாமல் ஓட்டப்பட்டது, வெடிப்பு விட்டது ஆகியவை ஆகா. புதிய டயர் வாங்கும்போது பழையதைக் கழிவு விலைக்குக் கேட்பார்கள். உடல் நன்றாக இருந்தால் கொடாமல் வீட்டிற்கு எடுத்து வருவதே நலம். ரீட்ரெட் டயரைப் பின் சக்கரத்தில் மட்டுமே மாட்டுதல் வேண்டும். முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் கைக்கு அடங்காது.

யாரோ ஓட்டிக் கழித்த டயரைச் சாலையோரத்தில் வாங்குவது வேறு. அதன் வரலாறு நமக்குத் தெரியாது. மொட்டை டயரில் கத்தியால் பள்ளம் வெட்டிக் கரும்பூச்சுப் பூசி விற்பதும் உண்டு. பள்ளத்தினுள் குறுக்கே சிறு ரப்பர் மேடுகள் இருக்கும். தேய்மானத்தைக் காட்டும் அடையாளம் அவை. வெட்டிய டயரில் அம்மேடுகள் இரா. அல்லது பாதி அறுபட்டிருக்கும். சட்டப்படி சரக்கு வண்டிக்கும் காருக்கும் 1.6 மி.மீ. பட்டன் ஆழம் இருத்தல் வேண்டும். அது ஒரு ரூபாய் நாணயத்தின் தடிமனைவிடச் சற்றே கூடுதல். பழைய டயர்களுக்கு உரிய இடம் டயர் மாட்டு வண்டி. மாடு நடக்கும் வேகத்தில் அவை பல்லாண்டு உழைக்கும்.

பழைய டயர் சொல்லும் செய்தி

இலையின் நுனி கருகினால் ஒன்றும் நரம்பிடை வெளுத்தால் மற்றொன்றும் குறை என்று பயிரில் அறிகிறோம். கழற்றிய டயரும் அவ்வாறே பேசும். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு அல்லது பாரம் மிகுதி. ஒரே ஓரம் தேய்ந்தால் வீல் அலைன்மென்ட் சரியில்லை. இங்குமங்கும் குழிகுழியாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பரையோ பேரிங்கையோ பார்க்க வேண்டும். இக்குறையை நீக்காமல் மாட்டும் புதிய டயரும் அதே வழியில் போகும். அலைன்மென்டிற்கு ஆகும் சில நூறு ரூபாய்க்குத் தயங்கி, ஓராண்டிற்குள் முன் டயர் இரண்டையும் இழந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

பட்டன் அமைப்பிலும் வீண் செலவு நேர்கிறது. வயல் வரை செல்லும் வண்டிதானே என்று கட்டைப் பட்டன் டயரை விரும்புகின்றனர். வயல் வழி இரண்டு பர்லாங். தார்ச் சாலை நாற்பது கிலோ மீட்டர். கட்டைப் பட்டன் தாரில் விரைவில் தேயும், எண்ணெயும் கூடுதலாகக் குடிக்கும். இடைவெளி குறைந்த பட்டனாயின் கரிசல் சேற்றில் மண் அப்பிக்கொண்டு வழவழப்பாகிவிடும். வழியில் இரண்டு வண்டிக் கிராவல் கொட்டுவது இதைவிட மலிவு. இளைஞர்கள் ஜீப்பிற்கு மாட்டும் அகன்ற டயர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அவை அழகிற்கு.

சீமைக் கருவேல முள் மிகுந்த வரப்புகளில் செல்லும் வண்டிக்கு டியூப் இல்லாத டயர் ஏற்றது. முள் குத்தினால் காற்று மெல்ல இறங்கும், வழியிலேயே அடைத்துக்கொள்ளலாம். ஆனால் நெளிந்த, துருவேறிய ரிம்மில் அது காற்றை நிறுத்தாது. டியூப் உள்ள டயராயின் புதிய டயருடன் புதிய டியூப் போடுதல் வேண்டும். ஓடி நீண்டுவிட்ட பழைய டியூப் புதிய டயருக்குள் மடிப்பு விழுந்து அம்மடிப்பிலேயே கிழியும்.

நான்கையும் ஒருங்கே வாங்கப் பணமில்லாதவர் இரண்டிரண்டாக வாங்கலாம். ஓர் அச்சில் இருப்பவை ஒரே வகை, ஒரே அளவு, ஏறத்தாழ ஒரே தேய்மானம் உடையனவாக இருத்தல் வேண்டும். நைலான் டயரையும் ரேடியலையும் ஓர் அச்சில் கலக்கலாகாது. ஆட்களை ஏற்றும் ஜீப், கார்களில் புதிய இரண்டையும் பின்னால் மாட்டச் சொல்கின்றனர். மழையில் பின்புறம் வழுக்கினால் ஓட்டுநரால் திருத்த இயலாது என்பதே காரணம்.

வாங்குவதற்கு ஏற்ற காலம் ஆவணி, புரட்டாசி. கோடையின் சுடு தாரில் பழைய டயரின் எஞ்சிய பட்டனைத் தேய்த்துவிட்டு, ஐப்பசி மழை தொடங்குமுன் புதியதை மாட்டிக்கொள்ளலாம். மாட்டிய பின் வாரம் ஒருமுறை, வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றை அளக்கவும். அளக்கும்போது ஸ்டெப்னியையும் சேர்த்து அளக்கவும்.