உடைத்துப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது தெரியும்!

தேங்காய் வாங்கும்போது என்ன செய்வோம்? காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்போம், சுண்டிப் பார்ப்போம். அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் உடைத்துத்தான் பார்க்க வேண்டும். கண்ணுக்கே தெரியாத அணுக் கொத்துகளிடமும் விஞ்ஞானிகள் இதையேதான் செய்கிறார்கள்.

1992-ம் ஆண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் காசில்மன் குழுவினர், டைட்டானியத்தை லேசரால் ஆவியாக்கி, ஹைட்ரோகார்பன் வாயுவோடு வினைபுரிய வைத்தார்கள். அயனிகளை எடை பார்க்கும் கருவியில், மற்ற எல்லாவற்றையும் மிஞ்சி ஓர் எடை ஓங்கி நின்றது: 528.

இங்கேதான் சிக்கல். டைட்டானியத்தின் எடை 48. கார்பனின் எடை 12. நாலு கார்பன் சேர்ந்தால் ஒரு டைட்டானியத்தின் எடை வந்துவிடும்! அப்படியானால் 528 என்பது 8 டைட்டானியமும் 12 கார்பனுமா? 7 டைட்டானியமும் 16 கார்பனுமா? வெறும் 44 கார்பனாகவும் இருக்கலாமே!

இதற்கு ஒரு வழி, சற்றே கனமான கார்பன்-13. அதைப் பயன்படுத்தினால் கார்பன் ஒன்றுக்கு ஓர் அலகு எடை கூடும். 12 கூடினால் 12 கார்பன். அடுத்து அம்மோனியாவைக் கலந்தார்கள். அந்த அயனி, சரியாக எட்டு அம்மோனியாவைப் பிடித்துக்கொண்டது. ஆக, எட்டு டைட்டானியமும் வெளிப்பக்கத்தில்தான் இருக்கின்றன! 20 மூலைகள் கொண்ட கூண்டு என்று கணித்து, இந்த வகைக்கு 'மெட்-கார்' என்று பெயர் சூட்டினார்கள்.

மோதவிட்டால்?

அடுத்தது உடைக்கும் வேலை. வேண்டிய எடையுள்ள அயனியை மட்டும் பிரித்தெடுத்து, மின்புலத்தால் வேகப்படுத்தி, எதனோடும் எளிதில் வினைபுரியாத மந்த வாயு அணுக்கள் மீது மோதவிடுவார்கள். மோதலின் ஆற்றல் உள்ளே பரவி, பிடிப்பு தளர்ந்த இடத்தில் துண்டு கழன்றுவிடும். மிச்சத்தை மறுபடி எடை போட்டால், போனது எது என்று தெரிந்துவிடும்.

60 கார்பன் கொண்ட பந்து வடிவ மூலக்கூறு உடையும்போது, கார்பன்கள் ஜோடி ஜோடியாகக் கழலும். மெட்-காரிலோ முதலில் கழன்றது டைட்டானியம் அணு. கார்பன்களின் கைப்பிடிதான் அங்கே உறுதி. உலோகம்தான் முதலில் கை நழுவுகிறது.

ஆனால், முதலில் சொன்ன வடிவம் நிலைக்கவில்லை. ஆறு கார்பன் ஜோடிகளும், நாலு நாலாக இரு வகை டைட்டானியமும் கொண்ட வேறொரு அமைப்பே உறுதியானது என்று பின்னர் வந்த கணக்கீடுகள் காட்டின. எண்ணிக்கை சரி, வடிவம்தான் மாறியது.

எடை எத்தனை என்று தராசு சொல்லும். எது எதைப் பிடித்திருக்கிறது என்பது, தட்டி உடைத்தால்தான் தெரியும்!