கூண்டு விரிப்பில் மூத்திர வாடை: போக்கும் முறை

முயல் கூண்டில் விரிக்கும் துணியையும் சாக்கையும் எத்தனை தடவை துவைத்தாலும் வாடை போவதில்லை என்பது முயல் வளர்ப்போர் பலர் சொல்லும் குறை. துவைத்துக் காயப்போட்டபோது வாடை இருக்காது. மறுபடியும் கூண்டில் விரித்து, முயல் ஒரு தடவை மூத்திரம் பெய்ததும் துவைக்கவே துவைக்காதது போல் மூக்கைத் துளைக்கும். சோப்பை மாற்றிப் பார்ப்பார்கள். வாசனைத் திரவம் ஊற்றிப் பார்ப்பார்கள். கடைசியில் துணியைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். கோளாறு சோப்பில் இல்லை, துவைக்கும் வரிசையில்தான் இருக்கிறது.

கம்பிவலைத் தரையுள்ள கூண்டில் மூத்திரமும் புழுக்கையும் கீழே விழுந்துவிடும், விரிப்பு அவசியமில்லை. ஆனால் நியூசிலாந்து வெள்ளை, ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா போன்ற கனத்த இனங்கள் நாள் முழுதும் கம்பியிலேயே உட்கார்ந்தால், பின்னங்காலின் அடியில் மயிர் தேய்ந்து புண் விழுவதுண்டு. அதற்காகக் கூண்டின் ஒரு பாதியிலாவது ஏதாவது விரிக்கவேண்டியிருக்கிறது. பிள்ளைகளுக்காக வீட்டில் இரண்டு முயலோ, கினிப்பன்றியோ வளர்ப்பவர்கள் தரை முழுவதும் துணி விரிக்கிறார்கள். வெள்ளாட்டுக் குட்டிகளைப் பஞ்சாரத்தில் கவிழ்க்கும்போது அடியில் சாக்குப் போடுவது நம் பக்கம் பழைய வழக்கம். எல்லாவற்றுக்கும் வாடையின் காரணம் ஒன்றுதான்.

எந்தத் துணி?

திருப்பூர் பக்கத்துக் குடியானவர்களுக்கு விரிப்புத் துணிக்குப் பஞ்சமில்லை. பனியன் கம்பெனிகளில் வெட்டியது போக மிஞ்சும் துண்டுத் துணி எடைக்குக் கிடைக்கிறது. உள்பக்கம் பஞ்சுபோல் சுரண்டிவிட்ட கனத்த துணியைப் 'பிளீஸ்' என்கிறார்கள். இதில் இரண்டு வகை உண்டு. பருத்திப் பிளீஸ் மூத்திரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது. பாலியெஸ்டர் பிளீஸ் உறிஞ்சாது, ஈரத்தைக் கீழே இறக்கிவிடும். ஆகவே மேலே பாலியெஸ்டர், அதன் அடியில் பழைய துண்டோ சணல் சாக்கோ போட்டால் முயலின் கால் நனையாது. எந்த வகை என்று தெரியாவிட்டால் ஒரு நூலை உருவி, கூண்டுக்கும் வைக்கோலுக்கும் தள்ளிப் போய் நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்படும்.

புதுப் பாலியெஸ்டர் பிளீஸில் ஈரம் இறங்காமல் மேலேயே முத்து முத்தாக நிற்கும். இரண்டு மூன்று தடவை துவைத்த பிறகுதான் வழிக்கு வரும்.

வாடை எங்கிருந்து வருகிறது?

அப்போதுதான் பெய்த மூத்திரத்தில் இந்தக் கடுமையான நெடி கிடையாது. அதில் இருப்பது யூரியா. நாம் மூட்டையில் வாங்கி நெல்லுக்கும் மஞ்சளுக்கும் போடும் அதே யூரியாதான். யூரியாவுக்குத் தனியாக நாற்றமில்லை. ஈரமண்ணின்மேல் யூரியாவைத் தூவி மூடாமல் விட்டால் சத்து காற்றில் போய்விடுகிறது என்று சொல்கிறார்களே, அங்கே நடப்பதுதான் கூண்டு விரிப்பிலும் நடக்கிறது. மண்ணிலும் சாணத்திலும் புழுக்கையிலும் உள்ள நுண்ணுயிர்கள் 'யூரியேஸ்' என்ற பொருளைச் சுரக்கின்றன. அது யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகிறது. கண்ணில் எரிவதும் மூக்கில் ஏறுவதும் இந்த அம்மோனியாதான். (யூரியேஸ் சில பயறு விதைகளிலும் உண்டு. தம்பட்டை அவரை இனத்தைச் சேர்ந்த ஜாக் அவரை விதையிலிருந்து 1926-ல் அதைப் பளிங்காகப் பிரித்தெடுத்த அமெரிக்கர் ஜேம்ஸ் சம்னருக்கு 1946-ல் நோபல் பரிசு கிடைத்தது.)

துவைத்த துணி மறுபடியும் நாறுவதன் மர்மம் இதில் விளங்கும். சரியாக அலசாத துணியில் யூரியாவும் நுண்ணுயிரும் தங்கிவிடுகின்றன. காய்ந்திருக்கும்வரை இரண்டும் சும்மா இருக்கும். ஈரம் பட்டதும் வேலையைத் தொடங்கிவிடும்.

முயல் மூத்திரத்தில் இன்னொரு சங்கதி உண்டு. மாடும் ஆடும் தீனியில் மிஞ்சிய சுண்ணாம்புச் சத்தைப் பெரும்பாலும் சாணத்திலும் புழுக்கையிலும் தள்ளிவிடும். முயல் அதை மூத்திரத்தில் தள்ளுகிறது. அதனால்தான் முயல் மூத்திரம் கலங்கலாக இருக்கிறது, காய்ந்த இடத்தில் வெள்ளையாகப் படிகிறது. கூண்டுத் தட்டிலும் துணியிலும் பொருக்குப் போல் ஒட்டும் இந்தச் சுண்ணாம்பு சோப்புக்குக் கரையாது. பொருக்கின் இடுக்கில் வாடை பத்திரமாக உட்கார்ந்துகொள்ளும்.

மூக்குக்குத் தெரியாத ஆபத்து

வாடை நமக்குச் சங்கடம், முயலுக்கு அது நோய். அம்மோனியா மூச்சுக்குழாயின் உள்பூச்சைப் புண்ணாக்குகிறது. தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளும் நுண்ணிய மயிர்கள் அங்கே செயலிழக்கின்றன. பிறகு தும்மல், மூக்கில் சளி, சளியைத் துடைத்துத் துடைத்து முன்னங்கால் உள்பக்கத்து மயிர் பிசுபிசுப்பாகத் திரிதல் என்று வரிசையாக வரும். ஒன்றுக்கு வந்தால் பக்கத்துக் கூண்டுக்கும் போகும். பல்லடம் பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணைக்காரர்களுக்கு இது புதிதல்ல. ஆழ்கூளம் ஈரமானால் கோழி கண்ணை மூடிக்கொண்டு முடங்குவதை அவர்கள் பார்த்திருப்பார்கள். கோழிக் கொட்டகைக் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 25 பங்குக்குமேல் அம்மோனியா இருக்கக்கூடாது என்பது பொதுவாகச் சொல்லும் அளவு.

இதை அளக்கக் கருவி வேண்டாம். ஆனால் தினமும் கொட்டகைக்குப் போகிறவர் மூக்கு பழகிவிடும், அதை நம்பக்கூடாது. விடியற்காலையில் கதவைத் திறந்ததும் குனிந்து, முயலின் மூக்கு இருக்கும் உயரத்துக்கு உங்கள் மூக்கைக் கொண்டுபோங்கள். நிற்கும்போது தெரியாத நெடி அங்கே தெரியும். கண் கரித்தால் விரிப்பை அன்றைக்கே மாற்றவேண்டும்.

துவைக்கும் வரிசை

எடுத்த விரிப்பை ஈரத்தோடு சுருட்டிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். இரண்டு நாளில் பை முழுவதும் அம்மோனியாதான். உடனே துவைக்க முடியாவிட்டால் வேலியிலோ கொடியிலோ விரித்துக் காயப்போடலாம். காய்ந்ததும் தடியால் தட்டிப் புழுக்கை, வைக்கோல் தூசி, மயிர் எல்லாவற்றையும் உதிர்க்கவேண்டும். பிளீஸில் மயிர் விடாமல் ஒட்டும், துடைப்பத்தாலோ ரப்பர் கையுறையாலோ ஒரே திசையில் இழுத்தால் திரண்டு வரும். தட்டாமல் துவைக்கும் இயந்திரத்தில் போடுவோர் பிறகு குழாய் அடைத்துக்கொண்டது என்று ஆள் தேடுகிறார்கள்.

முதலில் பச்சைத்தண்ணீர். சோப்பு வேண்டாம், வெந்நீரும் வேண்டாம். யூரியா தண்ணீரில் அப்படிக் கரையக்கூடிய பொருள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோகூடக் கரையும். தெளிப்பதற்கு யூரியாக் கரைசல் கலக்கியவர்களுக்கு இது தெரியும், வாளியே சில்லிட்டுப் போகும். ஆகவே அரைமணி ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீரை மாற்றி இன்னொரு அரைமணி ஊறவைத்தாலே வாடைக்கு வித்தான யூரியாவில் பெரும்பகுதி போய்விடும். நேரே வெந்நீரில் போட்டால் யூரியேஸுக்குச் சுறுசுறுப்பு ஏறி, நெடி கிளம்பும். பலர் விட்டுவிடுவது இந்தப் பச்சைத்தண்ணீர் ஊறலைத்தான். என் கணக்கில் பாதி வேலை இதிலேயே முடிகிறது.

அடுத்து சோப்பு. நம் வட்டாரத்துப் போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. அதில் கட்டிச் சோப்பு நுரைக்காது. சோப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து பிசுக்காகித் துணியில் படியும், அந்தப் பிசுக்கும் வாடையைப் பிடித்துக்கொள்ளும். சலவைத்தூள் இதற்குமேல். வாளிக்கு ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா சேர்த்தால் தண்ணீரின் கடினமும் குறையும். இந்தக் கட்டத்தில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நல்லது. மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிட மேல் கிடையாது.

சோப்பு போக அலசிய பிறகு புளிப்பு. 10 லிட்டர் தண்ணீரில் ஒரு டம்ளர் வெள்ளை வினிகர் கலந்து அரைமணி ஊறவையுங்கள். வினிகர் கிடைக்காவிட்டால் மளிகைக்கடையில் விற்கும் எலுமிச்சை உப்பு இரண்டு மேசைக்கரண்டி போதும். புளிப்பு இரண்டு காரியம் செய்கிறது. மிஞ்சிய அம்மோனியாவைப் பிடித்து வாடையற்ற உப்பாக மாற்றுகிறது, சுண்ணாம்புப் பொருக்கைக் கரைக்கிறது. பொருக்கு கெட்டியாக உள்ள இடத்தில் வினிகரை நேராக ஊற்றினால் நுரைத்துப் பொங்குவதைப் பார்க்கலாம். கூண்டின் தகரத் தட்டுக்கும் இதே வைத்தியம்தான், ஆனால் ஊறவிடாமல் உடனே கழுவிவிடவேண்டும், துத்தநாகப் பூச்சை அரித்துவிடும். சாக்குக்குப் புளிக்கரைசல் போதும், துணியில் கறை பிடிக்கும். புளித்த மோர் வேண்டாம், பாலின் சத்து தங்கி எறும்பையும் புது நாற்றத்தையும் கொண்டுவரும்.

கடைசியாக நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி, இரண்டு பக்கமும் வெயில் படும்படி காயப்போடவேண்டும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது பிளீஸ் ஒரு மணியில் காய்ந்துவிடும். ஐப்பசி மழையில்தான் சிரமம். அரைகுறையாகக் காய்ந்த விரிப்பைக் கூண்டில் போடாதீர்கள். கூண்டுக்கு மூன்று விரிப்பாவது வைத்துக்கொண்டால் அடைமழையிலும் சமாளிக்கலாம்.

துணியை மிருதுவாக்கும் வாசனைத் திரவங்கள் கூண்டு விரிப்புக்கு ஆகாது. அவை நூலின்மேல் மெழுகுபோல் படிந்து ஈரம் இறங்குவதைத் தடுக்கும். அந்த வாசனையும் முயலின் மூக்குக்கு இன்னொரு எரிச்சல்.

பிளீச்சிங் பவுடர் எச்சரிக்கை

வாடை போகட்டும் என்று மூத்திரத் துணி ஊறும் வாளியில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டுவோர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கதவை மூடிய குளியலறையில் இப்படிச் செய்த அம்மாள் இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தார். கண் எரிச்சல் அன்று மாலைவரை அடங்கவில்லை. பிளீச்சிங் பவுடர் அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சுவாயு கிளம்பும். வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயுவே வரும். இரண்டும் நுரையீரலைத் தாக்குபவை. கிருமி நீக்கத்துக்குப் பிளீச்சிங் பவுடர் வேண்டுமானால், முழுதும் துவைத்து அலசிய துணிக்கு, வேறொரு நாள், வெட்டவெளியில், தனி வாளியில் போடவேண்டும்.

சுண்ணாம்பிலும் ஒரு தவறு நடக்கிறது. ஈரத் தரையில் வாடைக்காகச் சுண்ணாம்புத் தூளைத் தூவுவார்கள். சுண்ணாம்பு காரம். அது தரையில் கட்டுண்டிருக்கும் அம்மோனியாவையும் கிளப்பிவிடும், ஆகையால் வாடை அன்றைக்குக் கூடத்தான் செய்யும். முயல்களை வெளியேற்றிக் கழுவிக் காய்ந்த கொட்டகைக்குச் சுவரில் சுண்ணாம்பு அடிப்பது வேறு விஷயம், அது நல்லது.

ஊறவைத்த முதல் தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள். சோப்புக் கலக்காத அந்தத் தண்ணீரில் தழைச்சத்து இருக்கிறது. இன்னும் நாலைந்து பங்கு தண்ணீர் சேர்த்துத் தென்னம்பாத்திக்கோ தீவனப்புல்லுக்கோ விடலாம். சோப்புத் தண்ணீரும் சோடாத் தண்ணீரும் செடிக்கு ஆகாது.

ஆட்டுக்குட்டிக்குச் சாக்கு விரிப்பவர்களுக்கு ஒன்று. உரம் வந்த மூட்டையையும் மருந்து வந்த பையையும் எவ்வளவு கழுவினாலும் விரிக்காதீர்கள். குட்டி நக்கும், கடிக்கும். யூரியா ஒட்டிய பையை நக்கி வயிறு உப்பி ஆடு சாவதுண்டு. தவிடு, புண்ணாக்கு வந்த சணல் சாக்கு போதும். முயல் குட்டி ஈனும் பெட்டியில் மட்டும் துணியும் வேண்டாம், சாக்கும் வேண்டாம். பிரிந்த நூல் குட்டியின் காலில் சுற்றி இறுக்கிவிடும். காய்ந்த புல் போட்டால் தாய் தன் மயிரைப் பிடுங்கி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பெரிய முயலின் விரிப்பிலும் கடித்த ஓட்டை தெரிந்தால் அந்த ஓரத்தை வெட்டி மடித்துத் தைத்துவிடுங்கள்.